பதினோரு மெஷினில் ஒரு ஜோதி மேரி

ஜோதி மேரி அக்காவை வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள். அவர் செய்யாத தப்புக்கு. அந்தத் தப்பைச் செய்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் செய்திருப்பார்கள் என்று கடைசிவரை யோசித்துக்கொண்டு யாரும் சுவாரசியமாகப் படிக்க வேண்டாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலகம் வைத்துக்கொண்டு சிதம்பரம், பண்ருட்டி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் என்று கிளை பரப்பியிருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் அது. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் ஓசியில் விளம்பரம் கிடைத்ததென்று சந்தோஷப்படுவார்கள். அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அக்கா தலையில். நான் எழிலன், சிதம்பரம் கிளையில் ரிசல்ட் ஏற்றுகிற ஆள்.

அக்காவுக்குக் கடலூர் முதுநகர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்மேனாக இருந்து, அக்கா பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். அம்மா சவரிமேரி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்து மகளை பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார். படிப்பு முடிந்து ஒரு வருஷம் சும்மா இருந்தார் அக்கா. அப்புறம் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்தில் நிவாரணப் பட்டியல் எடுக்க ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட்டது, போனார். அங்கே தனித்தனிக் குடிசையில் இருந்த மூன்று அண்ணன் தம்பிகளை யாரோ அவசரத்தில் மூத்தவர் பேரிலேயே ஒரே குடும்பமாக எழுதிவிட்டார்கள். பாத்திரமும் பாயும் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் பட்டியல் வைத்திருந்த அக்காவைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். எழுதியது அவர் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு குடும்பத்தையும் தனியாகச் சேர்க்கிற வரைக்கும் அலுவலகத்தில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தாராம். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஆள் பார்க்க ஒடிசல், குரல் மட்டும் கணீர் என்று இருக்கும். அநியாயம் என்று பட்டால் எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டார்.

2007இல் எங்கள் கூடத்துக்கு வந்தார். அடுத்த வருஷம் புது சாஃப்ட்வேர் வந்தது. அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரை, அதில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு கிளையின் சர்வருக்குள் போக வேண்டுமென்றால் அதன் முகவரி, நம்முடைய யூசர் பேர், பாஸ்வேர்ட் மூன்றையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இத்தனையும் தட்டினால் கை ஓய்ந்துவிடும். அதனால் ஒரு தடவை கொடுத்ததை ஒரு பேர் வைத்துச் சேமித்துக்கொள்ளலாம். ‘சிதம்பரம்’ என்று ஒன்று, ‘பண்ருட்டி’ என்று ஒன்று, புது ஆட்கள் கற்றுக்கொள்ள ‘டெஸ்ட்’ என்று ஒன்று. அதற்கப்புறம் கட்டளையோடு அந்தப் பேரைச் சேர்த்துத் தட்டினால் போதும். இன்னொரு வசதியும் இருந்தது. ஏதாவது ஒன்றை டீஃபால்ட் என்று குறித்துவிட்டால், பேர் சொல்லாமல் தட்டுகிற கட்டளையெல்லாம் நேராக அங்கே போய்விடும்.

இத்தனையும் ஒரு சின்ன ஃபைலில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபைலை அக்கா தன் மெஷினில் ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தார். பண்ருட்டி கிளையைத் திறக்கிற அவசரத்தில் மேனேஜர் தட்சிணாமூர்த்தி வந்து அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனார். உள்ளே அக்காவின் யூசர் பேர், அக்காவின் பாஸ்வேர்ட்.

“சார், அது என் பேரு சார். புது ஆளுங்களுக்கு வேற பேரு போட்டுத் தரேன், ஒரு நாள் குடுங்க.”

“இப்போதைக்கு உன் பேர்லயே ஓடட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்.”

இந்த நாட்டில் ‘இப்போதைக்கு’ என்று சொல்லி ஆரம்பித்த எதை யார் நிறுத்தியிருக்கிறார்கள்? மூன்று வருஷத்தில் அந்த ஃபைல் எல்லாக் கிளைக்கும் போய்விட்டது. எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தால் அடையாள அட்டை வர ஆறு மாதம் ஆகும், ஆனால் ‘ஜோதி அக்கா ஃபைல்’ முதல் நாளே வந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர் பென் டிரைவை நீட்டுவார், ஏற்றிக்கொள்வோம். நானும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டேன். கடலூரில் மூன்று, மற்ற நாலு ஊரிலும் இரண்டிரண்டு, ஆக மொத்தம் பதினோரு மெஷின். யார் எதைச் செய்தாலும் பதிவேட்டில் ‘ஜோதி’ செய்ததாகத்தான் விழும். எந்த மெஷின் என்பது விழாது.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு பேர் வேண்டும் என்று நாலு தடவை எழுதிக் கொடுத்தார். தட்சிணாமூர்த்தி நாலு தடவையும் படித்துவிட்டு, “ஏம்மா வேலைய ஜாஸ்தி ஆக்கற?” என்று டிராயரில் போட்டுப் பூட்டினார். அந்த ஆளின் கையெழுத்து இல்லாமல் புதுப் பேர் போடக் கூடாது என்பது விதி. இதில் கொடுமை என்னவென்றால், தரச்சான்று கொடுக்க வந்தவர்களிடம் ‘எங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் பேர் உண்டு’ என்று அதே தட்சிணாமூர்த்தி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சான்றிதழ் ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் தொங்கியது.

எங்களிடம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “டீஃபால்ட் மட்டும் வெக்காதீங்கடா. எங்க போறோம்னு தெரியாம பஸ்ல ஏறுவியா? ஒவ்வொரு வாட்டியும் பேரத் தட்டு. கை ஒண்ணும் தேஞ்சிடாது.” அவர் ஃபைலில் டீஃபால்ட் என்று எதுவும் குறிக்கப்பட்டிருக்காது.

நான் குறித்தேன். ‘சிதம்பரம்’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை தட்ட சோம்பேறித்தனம். யாருக்குத் தெரியப் போகிறது என்ற திமிர் வேறு.

2011 ஏப்ரல் ஏழாம் தேதி, வியாழக்கிழமை. வெளியே எலெக்‌ஷன் ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டு போகிறது. கிளைக்குப் புதிதாக வந்த மாலதிக்கு நான் வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘டெஸ்ட்’ சர்வரில் பொய்யாக ஆறு நோயாளிகளைப் பதிந்து காட்டினேன். அவள் டீ குடிக்கப் போனாள். பதிந்ததை அழித்துவிடலாம் என்று, சர்வரில் இருப்பதை மொத்தமாக அழிக்கிற கட்டளையைத் தட்டினேன். ‘டெஸ்ட்’ என்ற பேரைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

ஆறு அழிந்தது என்று திரையில் வந்திருக்க வேண்டும். பதினோராயிரத்து நானூற்று ஆறு என்று வந்தது.

சிதம்பரம் கிளையில் பதிந்திருந்த அத்தனை பேரின் ரிசல்ட்டும் போய்விட்டது. முதல் வேலையாக என்ன செய்தேன் தெரியுமா? என் ஃபைலில் டீஃபால்ட் குறியை எடுத்தேன். அதற்கப்புறம்தான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, இங்க எதுவுமே தெரியலக்கா. எல்லாம் காலியா இருக்கு.”

“யாரு என்ன தட்டுனீங்க?”

“ஒண்ணும் தட்டலக்கா.”

அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அவர் எடுத்து வைக்கும் பேக்கப்பிலிருந்து மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். திங்கள் முதல் வியாழன் வரை பதிந்தது மட்டும் வரவில்லை. ஏற்கெனவே அச்செடுத்தது போக எண்பத்தேழு பேரைத் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து வெறும் வயிற்றோடு இரண்டாம் தடவை பஸ் ஏறி வந்த அமிர்தம் என்ற அம்மா, “முந்தாநாளு எடுத்த ரத்தத்த எங்கடா கொண்டு போயி ஊத்துனீங்க?” என்று என் மேஜையைத் தட்டிக் கேட்டார். நியாயமான கேள்விதான். மற்றவர்களும் கேட்டிருக்க வேண்டியது என்னைத்தான், ஆனால் அவர்கள் கேட்டது அக்காவைத்தான்.

எண்பத்தேழில் ஒருவர் முதலாளி டாக்டர் ராமாமிர்தத்துக்கே வேண்டப்பட்டவர். புகார் போனது. டாக்டர் மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் பதிவேட்டைத் திறந்தார். ‘ஜோதி’ என்று இருந்தது. அந்த ஆளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பதினோரு பேரும் அந்தப் பேரில்தான் புழங்குகிறோம் என்று சொன்னால் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். மறுநாளே மூன்று பக்கத்துக்கு மெமோ டைப் அடித்துக் கொடுத்தார். கவனக்குறைவு, நோயாளிகளுக்கு இடையூறு, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம், விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம். கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு எந்தப் பரிசோதனைக் கூடமும், ஆஸ்பத்திரியும் அக்காவைச் சேர்க்காது. முதுநகரில் அவர் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

பன்னிரண்டு நாள் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் ஐந்து ஊரிலும் ‘ஜோதி’ காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் போனாள். அவர் கணக்கை மூட வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. மூடினால் கூடம் நடக்காது. ஆள் வேண்டாம், பேர் மட்டும் வேண்டும். மானம் கெட்ட பிழைப்பு. நானும் தினமும் அந்தப் பேரில்தான் உள்ளே போனேன். ஒவ்வொரு தடவையும் திரையில் ‘வணக்கம் ஜோதி’ என்று வரும். பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பயம், வேறொன்றும் இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன்.

விசாரணை இருபத்தோராம் தேதி. கிறிஸ்தவர்களுக்கு அது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன். அந்த நாளைத்தான் பார்த்துக் குறித்தார்கள். டாக்டர், மேனேஜர், எழுதிக்கொள்ள கிளார்க் தேவசகாயம் அண்ணன், எதிரே அக்கா. உள்ளே நடந்ததைத் தேவசகாயம் அண்ணன்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

அக்கா முதலில் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். “டாக்டர், ஒம்போதாம் தேதிலேர்ந்து நேத்து வரைக்கும் நான் வீட்டுல இருக்கேன். என் பேர்ல எத்தன வேல நடந்திருக்குன்னு பாருங்க.”

நாலாயிரத்துச் சொச்சம் நடந்திருந்தது. டாக்டர் மேனேஜரைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி கொஞ்சமும் அசரவில்லை. “அதெல்லாம் தானா ஓடுறது டாக்டர். இவுங்க முன்னாடியே செட் பண்ணி வெச்சிருக்காங்க. ஜோதிங்கற பேர்ல ஜோதி மட்டுந்தான். எழுதியே குடுத்திருக்கனே.”

ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த டாக்டருக்குக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தலையை ஆட்டினார்.

அக்கா எழுந்தார். “சரி சார். நான் மட்டுந்தான் ஜோதின்னா, என் பாஸ்வேர்ட நான் மாத்திக்கிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆவாதில்ல?”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர், “மாத்திக்கோயேன்” என்று சொல்லிவிட்டார். அக்கா மேஜையிலிருந்த மெஷினைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு வரி தட்டினார். தன் செல்போனை எடுத்து மேஜை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மணி பத்தரை. எல்லாக் கிளையிலும் கூட்டம் நெரிகிற நேரம். இரண்டு நிமிஷம் எதுவும் இல்லை. தட்சிணாமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாராம். அப்புறம் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, பரங்கிப்பேட்டைலேர்ந்து பேசறேன். உள்ள போவ மாட்டேங்குதுக்கா.”

வைத்தவுடன் அடுத்தது.

“அக்கா, சிதம்பரம் எழிலன். உங்க பேரு தப்புன்னு வருதே, பாஸ்வேர்ட் ஏதாச்சும் மாத்துனீங்களா? இங்க இருவது பேரு நிக்கறாங்கக்கா.”

ஆமாம், நான்தான். அக்கா வீட்டில் இருக்கிறார், மெமோ வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தும், வேலை நின்றதும் கை தானாக அவர் நம்பரைத்தான் அழுத்தியது. வெட்கமே இல்லை எனக்கு. அக்கா போனை வைத்தார். அடுத்து பண்ருட்டி. அடுத்து காட்டுமன்னார்கோயில். கீழ்த்தளத்திலிருந்து ஓர் ஆள் மாடிக்கே ஓடி வந்து, “சார், ஜோதி மேடம் பேர்ல போவலயே” என்று கதவைத் திறந்துகொண்டு நின்றார். டாக்டர் மெமோவை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

மன்னிப்புக் கேட்டார்களா? கேட்கவில்லை. “சரி, போயி வேலையப் பாரும்மா” என்றார் டாக்டர். தட்சிணாமூர்த்தி குனிந்து மெல்லிய குரலில், “புது பாஸ்வேர்ட சொல்லிடும்மா, ஜனங்க காத்துக் கெடக்குது” என்றார். அதைக் கேட்டதும் அக்கா போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம்.

“என் பேர யாருக்கும் தர மாட்டேன்! ஆளுக்கொரு பேரு போடணும், கையெழுத்துப் போடுங்க. போடற வரைக்கும் எவனும் உள்ள போவ முடியாது.”

போட்டார்கள். மூன்று வருஷமாக நகராத கையெழுத்து மூன்று நிமிஷத்தில் வந்தது. அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேர் கேட்டுப் பதிந்தார். பழைய ஃபைலை அழிக்கச் சொல்லி, அழித்தாகிவிட்டது என்று வாயால் சொல்ல வைத்து, அப்புறம்தான் புதியதைக் கொடுத்தார். என் முறை வந்தபோது மணி ஒன்று.

“பழச அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டேன்க்கா. அக்கா... அன்னிக்கு சிதம்பரத்த அழிச்சதும் நான்தான்.”

“எத்தன நாளாடா தெரியும் உனக்கு?”

“அன்னிக்கே தெரியும்க்கா.”

“எங்கம்மா குருத்து ஞாயிறுக்குக்கூடக் கோயிலுக்குப் போவலடா. பொண்ணு என்னத்தயோ அழிச்சிட்டாளாமேன்னு கேக்கறாங்கன்னு ஜன்னலச் சாத்திக்கினு உள்ளயே கெடக்குது.” குரல் உடையவில்லை, இன்னும் கடுமையானது. “இத எங்கிட்ட சொல்லி அழுவாத. பேப்பர்ல எழுது, கீழ உன் பேரப் போடு, மேனேஜர்கிட்ட குடு.”

எழுதினேன். ஒரு பக்கம். மறுவாரம் கடலூர் போய் தட்சிணாமூர்த்தி கையில் கொடுத்தேன். அவரும் நானும் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரே ஊர், ஒரே தெரு. அவர்தான் என்னை வேலைக்குச் சேர்த்தவர். என் கடிதத்தை நின்றபடியே படித்தார். நான் மெமோவுக்குத் தயாராக நின்றேன். அவர் அதை நாலாக மடித்து டிராயரில் போட்டார்.

“வுடு மாப்ள. வேல செய்யறவன் கையிலதான் தப்பு வரும். இதப் போயி பெருசு பண்ணிக்கினு. சாப்ட்டியா?”

அதே தப்பு. அக்காவுக்கு அது களங்கம், எனக்கு அது கைதவறல். கத்தியிருக்க வேண்டும், அந்த டிராயரைப் பிடுங்கி டாக்டர் மேஜையில் கொட்டியிருக்க வேண்டும். “சாப்ட்டேன் மாமா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். “உனக்கு எத்தன பக்கம் மெமோ?” என்று கேட்டார். ஒரு பக்கம்கூட இல்லை என்றேன். தன் பேரில் இருந்த மெமோவை ரத்து செய்து எழுதித் தரும்படி மே மாதம் முழுக்கக் கேட்டுப் பார்த்தார். அதுதான் முடிந்துபோன விஷயமாயிற்றே என்றார்கள், எழுதித் தரவில்லை. ஜூன் கடைசியில் அக்கா வேலையை விட்டார். புதுச்சேரியில் ஒரு சின்னக் கடையில் பில் போடும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததாகவும், தினமும் பஸ்ஸில் போய் வருவதாகவும் தேவசகாயம் அண்ணன் சொன்னார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை.

ஜூலை முதல் வாரம் தட்சிணாமூர்த்தி என்னைக் கடலூருக்குக் கூப்பிட்டார். ஜன்னலோரம் அக்கா உட்காரும் மேஜை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. இனிமேல் அஞ்சு கிளைக்கும் நீதான் மாப்ள, ஒக்காரு என்றார்.

உட்கார்ந்தேன்.